எலும்பு ஊசியும் தாடை எலும்பும்: புற்றுநோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஓர் ஊசி போடுவார்கள். பேச்சுவழக்கில் "எலும்பு ஊசி". அந்த ஊசி எடுப்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, ஈறு விலகி, வாய்க்குள் வெளியே தெரியத் தொடங்கும். நான் பல் மருத்துவர். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் "இதை முன்னாடியே யாரும் சொல்லலையே" என்று சொல்லும்போது மனது கனத்துப்போகிறது. ஏனென்றால் முன்னாடியே தெரிந்திருந்தால் பலருக்கு இதைத் தவிர்த்திருக்கலாம். நோயாளிகளும் அவர்களோடு துணைக்கு வருபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

புற்றுநோய்க்குத்தான் ஏற்கெனவே மருந்து போகிறதே, எலும்புக்கு எதற்குத் தனியாக ஊசி?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது அதிகம். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்கி எலும்பை அரிக்கும். நம் எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பதில்லை. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புது எலும்பைக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம் என்று வாழ்நாள் முழுக்க உள்ளே மராமத்து நடந்துகொண்டே இருக்கிறது. அரிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். எலும்புக்குள் வந்த புற்றுநோய் இந்தச் செல்களைத் தூண்டிவிடுகிறது. அரிப்பு கூடுகிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. அதனால்தான் எலும்பு வலி, லேசாகத் தடுக்கினாலே முறிவு, முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்குவது, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது எல்லாம்.

எலும்பு ஊசி இந்த அரிப்பை அடக்குகிறது. இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பிஸ்பாஸ்போனேட். ஜோலெட்ரோனிக் ஆசிட், பாமிட்ரோனேட் ஆகியவை இந்த வகை. நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இன்னொன்று டெனோசுமாப். இது தோலுக்கடியில் போடும் ஊசி. புற்றுநோய்க்கு வழக்கமான அளவு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 120 மி.கி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் ஏராளமானவர்களை முறிவிலிருந்தும் முடங்கிப் போவதிலிருந்தும் காப்பாற்றியிருக்கின்றன. கீழே இருப்பதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காக நான் எழுதவில்லை.

எலும்பை உறுதியாக்கும் மருந்து எப்படித் தாடை எலும்பைக் கெடுக்கும்?

கேட்கும்போது முரணாகத்தான் தோன்றும். மேலே சொன்ன மராமத்தை நினைத்துப் பாருங்கள். எலும்பில் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ, கெட்டுப்போன பகுதியை முதலில் அரித்து அப்புறப்படுத்த வேண்டும். அதன்பிறகுதான் புது எலும்பு வளரும். அரிக்கும் செல்லையே மருந்து கட்டிப்போட்டுவிட்டால் செத்த எலும்பு செத்தபடியே அங்கே கிடக்கும். அதன் மேல் ஈறு மூடாது. திறந்து கிடக்கும் எலும்பில் கிருமி குடியேறும். புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். மருத்துவர்கள் இதை ஓஎன்ஜே என்பார்கள். மருந்தால் வருவது என்பதையும் சேர்த்து எம்ஆர்ஓஎன்ஜே என்றும் எழுதுவார்கள். தமிழில் தாடை எலும்பு நசிவு எனலாம். "தாடை அழுகிப்போச்சு" என்று வீட்டில் சொல்வதும் இதைத்தான்.

உடம்பில் இவ்வளவு எலும்பு இருக்க, தாடையில் மட்டும் ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான பதில் புரிந்துவிட்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

தொடை எலும்புக்கு மேல் தசை, கொழுப்பு, தோல் என்று எத்தனை போர்வை இருக்கிறது! தாடை எலும்புக்கு மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டும்தான். அந்த ஈறையும் துளைத்துக்கொண்டு பற்கள் வெளியே நிற்கின்றன. பல்லின் ஒரு முனை கிருமிகள் நிறைந்த வாயில், மறுமுனை எலும்புக்குள். சொத்தை ஆழமாகப் போனாலும் ஈறு நோய் முற்றினாலும் கிருமி நேராக எலும்பைத் தொட்டுவிடும். உடம்பில் வேறெந்த எலும்புக்கும் இப்படி ஒரு வாசல் கிடையாது.

அதோடு, நாள் முழுக்க மெல்லும் அழுத்தத்தைத் தாங்குவதால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பில் மராமத்து மற்ற இடங்களைவிட வேகமாக நடக்கும். மராமத்து அதிகம் தேவைப்படும் இடத்தில் அது நின்றுபோனால் பாதிப்பும் அங்கேதான் முதலில் தெரியும். ஏறக்குறைய நால்வரில் மூவருக்குக் கீழ்த்தாடையில் வருகிறது. மேல்தாடையோடு ஒப்பிட்டால் கீழ்த்தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பும் அடர்த்தி. கீழ்க் கடைவாய்ப் பற்களின் உட்பக்கம், நாக்கை ஒட்டினாற்போல் எலும்பு ஒரு வரம்பு மாதிரி புடைத்திருக்கும். அங்கே ஈறு காகிதம் போல மெலிந்திருக்கும். பல்லே எடுக்காமல் தானாக வரும் நசிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கண்ணில் படுகிறது.

இது புதிதாக வந்த நோயா?

இந்த மருந்துகளால் வருவது என்று உலகுக்குத் தெரிந்து அதிக காலம் ஆகவில்லை. 2003-ல் அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த வாய்–தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், பாமிட்ரோனேட்டும் ஜோலெட்ரோனிக் ஆசிட்டும் எடுத்த 36 பேருக்குத் தாடை எலும்பு இப்படி வெளியே தெரிந்ததை முதன்முதலில் எழுதினார். பிறகு மற்ற நாடுகளிலிருந்தும் தகவல்கள் வரத் தொடங்கின. முதலில் பிஸ்பாஸ்போனேட்டை மட்டுமே குற்றம் சொன்னார்கள். வேறு வகை மருந்தான டெனோசுமாபிலும் வந்ததால், 2014-ல் அமெரிக்க வாய்–முக அறுவை மருத்துவர்கள் சங்கம் பெயரையே "மருந்து சார்ந்த" நசிவு என்று மாற்றியது.

ஆனால் தாடை இப்படிக் கெடுவதை உலகம் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு செத்து, சீழ் வடிந்து, முகமே உருக்குலைந்து போனது. 1845-ல் வியன்னா மருத்துவர் லோரின்சர் அதைப் பதிவு செய்தார். 1906-ல் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அந்த ஏழைத் தொழிலாளர்கள் பட்ட வேதனையைப் படித்தால் இன்றும் நெஞ்சு பதறும். அவர்களுக்கு நோய் வந்த பிறகும் போக வழியில்லை. இன்று நமக்கு வருமுன் தடுக்கவே வழி இருக்கிறது.

எத்தனை பேருக்கு வருகிறது?

புற்றுநோய்க்காக இந்த ஊசி எடுப்பவர்களில் பெரும்பாலான ஆய்வுகளில் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. ஜோலெட்ரோனிக் ஆசிட்டையும் டெனோசுமாபையும் ஒப்பிட்ட மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2012-ல் ஒரு கணக்கு வந்தது. 5,723 பேரில் 89 பேருக்கு நசிவு உறுதியானது. டெனோசுமாப் பக்கம் 1.8%, ஜோலெட்ரோனிக் ஆசிட் பக்கம் 1.3%. பெரிய வித்தியாசம் இல்லை. அதே கணக்கில் இன்னொரு தகவலும் இருக்கிறது. நசிவு வந்தவர்களில் ஏறத்தாழ 62% பேர் பல் எடுத்திருந்தார்கள்.

காலம் போகப் போக ஆபத்து ஏறும். 120 மி.கி. டெனோசுமாப் எடுப்பவர்களில் முதல் ஆண்டில் 1.1%, இரண்டாம் ஆண்டில் 3.7%, அதன்பிறகு ஆண்டுக்கு 4.6% என்று பதிவாகியிருக்கிறது. முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை, இனிமேல் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் இரண்டாம் வருடத்திலிருந்துதான் பல்லில் அதிக கவனம் வேண்டும்.

என் அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அவருக்கும் வருமா?

வரலாம், ஆனால் மிக அரிது. ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் இந்த எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவு மிகக் குறைவு. டெனோசுமாப் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி., ஜோலெட்ரோனிக் ஆசிட் என்றால் வருடத்துக்கு ஒருமுறை 5 மி.கி. பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர்களில் 10,000-க்கு 2 முதல் 5 பேர் என்ற அளவில்தான் வருகிறது. இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் கெடுபிடிகள் பலவும் அவருக்குப் பொருந்தாது. பயந்துகொண்டு மாத்திரையை நிறுத்தினால் இடுப்பு எலும்பு முறியும் ஆபத்துதான் கூடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதலிடம் வாயின் நிலைமைக்கு: முற்றிய ஈறு நோய், வேரில் சீழ் பிடித்த பல், பல் எடுத்தது, சரியாகப் பொருந்தாமல் உரசும் பல்செட். அடுத்தது கூடவே எடுக்கும் மருந்துகள். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள், புது ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப், சுனிடினிப் போன்றவை ஆபத்தைக் கூட்டும். எலும்பு ஊசியே இல்லாமல், ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் இந்த மருந்துகளால் மட்டும் நசிவு வந்தவர்களும் உண்டு, எண்ணிக்கை குறைவு. சர்க்கரை நோயும் புகையிலையும் புண் ஆறுவதைக் கெடுக்கும்.

மைலோமா நோயாளிகள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். ஊசி, ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு மூன்றும் அவர்களிடம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

சரி, ஊசி தொடங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பல் மருத்துவரைப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது ஒன்றுதான்.

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் ஸ்கேன், கீமோ, பணம், விடுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? நினைக்காமல் போவது இயல்புதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எலும்பு ஊசி என்ற பேச்சு வந்தவுடன், முதல் ஊசிக்கு முன்பே, ஒரு அரை நாளை பல்லுக்காக ஒதுக்குங்கள். இத்தாலியின் மிலான் நகரில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டியே பல் பரிசோதனையும் சிகிச்சையும் நடைமுறைக்கு வந்தபின் நசிவு 3.2 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. வேறு எந்த மருந்தும் இல்லை, பல்லைப் பார்த்ததுதான் வித்தியாசம்.

பரிசோதனையில் வாய் முழுக்கப் பார்க்க வேண்டும். வலிக்கிற பல்லை மட்டும் காட்டிவிட்டு வரக் கூடாது. இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பது நல்லது. காப்பாற்ற முடியாத பல், முற்றிலும் ஆடும் பல், பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல் இவற்றை அப்போதே எடுத்துவிட வேண்டும். காப்பாற்றக் கூடிய சொத்தையை அடைத்துவிட வேண்டும், தேவைப்பட்டால் ரூட் கேனால். ஈறைச் சுத்தம் செய்ய வேண்டும். பல்செட் இருந்தால் எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். "இந்தப் பல் இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று தோன்றும் பல்லை, சாதாரணமாக இருந்தால் விட்டுவைப்பேன். எலும்பு ஊசி தொடங்கப் போகிறவர் என்றால் விட்டுவைக்க மாட்டேன். ஒரு வருடம் கழித்து அதை எடுக்க நேர்ந்தால் அப்போது புண் ஆறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பல் எடுத்தபின் எத்தனை நாள் கழித்து ஊசி தொடங்கலாம்?

எடுத்த இடத்தை ஈறு மூடும்வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பொதுவாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். உள்ளே எலும்பும் ஓரளவு ஆறட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது, முதுகெலும்பு முறியும் நிலையில் இருக்கிறது என்றால் புற்றுநோய் மருத்துவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. அப்போது ஊசியைப் போட்டுவிட்டு, பல் வேலையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம். முதல் ஓரிரு ஊசிகளிலேயே ஆபத்து உச்சிக்குப் போய்விடாது.

ஊசி போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பல் வலிக்கிறது. என்ன செய்வது?

முதலில், வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். "ஊசி போடும்போது பல்லைத் தொடவே கூடாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் சீழோடு இருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது தப்பான அறிவுரை. எலும்பைத் தொடாத வேலைகள் எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். சொத்தை அடைப்பது, ரூட் கேனால், கிரவுன், ஈறுக்கு மேலான கிளீனிங் இவற்றுக்குத் தடை இல்லை. செய்யாமல் விட்டால் கிருமி எலும்புக்கு இறங்கும், அதுதான் பெரிய ஆபத்து.

பல் உடைந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டாலும் வழி உண்டு. வேரை அப்படியே உள்ளே விட்டு, ரூட் கேனால் செய்து, மேல்பகுதியை அடைத்து மூடிவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, மெல்லவும் உதவாது. ஆனால் எலும்பு பத்திரமாக இருக்கும். இம்ப்ளான்ட் வேண்டாம். புற்றுநோய் அளவில் இந்த ஊசி எடுப்பவர்களுக்கு எலும்பைத் துளைத்து நட்டு வைப்பது தேவையில்லாத ஆபத்து.

பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஊசி எடுக்கும் புற்றுநோயாளிகள் பல் எடுத்தால்கூடப் பெரும்பான்மையினருக்குப் புண் ஆறிவிடுகிறது. ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், நசிவு வருவது 100-க்கு சுமார் 2 முதல் 15 பேர் வரை. சீழ் பிடித்த பல்லை உள்ளேயே விட்டுவைப்பதும் நசிவுக்கு வழிதான். பல் எடுத்த பிறகு நசிவு வந்தவர்களில் பலருக்கு அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு ஏற்கெனவே கெட்டிருந்தது என்று இப்போது பலரும் கருதுகிறோம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பல் எடுத்தது அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

எடுப்பதாக இருந்தால் இதில் பழக்கமுள்ள வாய்–தாடை அறுவை மருத்துவரிடம் எடுங்கள். முன்னும் பின்னும் ஆன்டிபயாடிக், கிருமிநாசினி மவுத்வாஷ், எலும்பை அதிகம் சிராய்க்காமல் எடுப்பது, கூரான எலும்பு முனைகளை மழுக்குவது, முடிந்தால் ஈறை இழுத்துத் தைத்து மூடுவது என்று செய்வார்கள். தையல் பிரித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஈறு முழுவதும் மூடியது என்று மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

பல் எடுப்பதற்காக எலும்பு ஊசியைச் சில மாதம் நிறுத்தலாமா?

மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம் இது. நிறுத்தினால் நசிவு குறைகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பிஸ்பாஸ்போனேட் எலும்போடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும், இரண்டு மாதம் நிறுத்துவதால் அது போய்விடாது. டெனோசுமாப் அப்படி ஒட்டிக்கொள்வதில்லை, அதன் விளைவு சுமார் ஆறு மாதத்தில் விலகிவிடும். ஆனால் அதை நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பி, முதுகெலும்புகள் முறிய வாய்ப்புண்டு.

அதனால் நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் மருத்துவர் தனியாகச் சொல்லியும் நிறுத்தக் கூடாது. புற்றுநோய் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஊசியைச் சில வாரம் தள்ளிவைத்து, அந்த இடைவெளியில் பல்லை எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை.

இங்கே இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஜோலெட்ரோனிக் ஆசிட்டை மாதாமாதம் போடுவதற்குப் பதில் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் எலும்பு முறிவு போன்ற பாதிப்புகள் கூடவில்லை என்று காட்டியது. உங்களுக்கு அது பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

என்னென்ன அறிகுறிகள் வந்தால் உடனே காட்ட வேண்டும்?

வாய்க்குள் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ எலும்பு தெரிவது. நாக்கில் ஏதோ சொரசொரப்பாக உறுத்துவது. பலர் முதலில் கண்டுபிடிப்பது இப்படித்தான், பல் துண்டு சிக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பல் எடுத்த குழி ஆறாமல் இருப்பது. ஈறிலோ தாடைக்கு வெளியே தோலிலோ சீழ் வடிவது. நன்றாக இருந்த பல் திடீரென்று ஆடுவது. காரணம் தெரியாத தாடை வலி, கனம், வாய் நாற்றம்.

கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நசிவு நரம்பை அமுக்கினாலும் இது வரும், புற்றுநோய் தாடைக்குப் பரவினாலும் வரும். இரண்டில் எதுவானாலும் தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

எலும்பு வெளியே தெரியவில்லை, வலி மட்டும்தான். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லையாம்.

எலும்பு வெளியே தெரியாமலும் நசிவு தொடங்கியிருக்கலாம். அதைப் பூஜ்ஜிய நிலை என்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத மாற்றம் சிடி ஸ்கேனில் தெரியலாம். வலி போகவில்லை என்றால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

எப்போது இதுதான் என்று உறுதியாகச் சொல்வார்கள்?

மூன்று விஷயம் பார்ப்பார்கள். இந்த மருந்துகளை எடுக்கிறவராகவோ எடுத்தவராகவோ இருக்க வேண்டும். எலும்பு வெளியே தெரிவதோ, புண்ணின் வழியாகக் கருவியால் தொட்டால் எலும்பு தட்டுப்படுவதோ எட்டு வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கக் கூடாது, தாடைக்குப் புற்றுநோய் பரவியிருக்கவும் கூடாது. கதிர்வீச்சால் வரும் தாடை நசிவு வேறு, அதற்கான சிகிச்சையும் வேறு.

எட்டு வாரம் என்பது பெயர் வைப்பதற்கான கணக்கு. எலும்பு தெரிந்த முதல் நாளே போய்க் காட்ட வேண்டும்.

பயாப்ஸி எல்லோருக்கும் எடுப்பதில்லை. தேவையில்லாமல் வெட்டினால் புண் பெரிதாகலாம். புற்றுநோய் பரவியதோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் எடுப்பார்கள்.

வந்துவிட்டது. என்ன சிகிச்சை?

எலும்பு தெரிகிறது, வலியோ சீழோ இல்லை என்றால் முதல் நிலை. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ், வாய் சுத்தம், குறித்த இடைவெளியில் பரிசோதனை. உரசும் கூரான எலும்பு முனையை ராவி விடுவார்கள். குளோர்ஹெக்சிடின் பல்லில் கறை ஏற்படுத்தும், கொஞ்ச நாள் நாக்கில் ருசியும் மாறும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், கறையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வலி, வீக்கம், சீழ் சேர்ந்தால் இரண்டாம் நிலை. ஆன்டிபயாடிக் சேர்ப்பார்கள். பெரும்பாலும் பென்சிலின் வகை, அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. நசிவு பல்லைத் தாங்கும் பகுதியைத் தாண்டிக் கீழே போய்விட்டது, தாடை முறிந்துவிட்டது, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே சீழ் வருகிறது, மேல்தாடையில் சைனஸ் வரை போய்விட்டது என்றால் மூன்றாம் நிலை. செத்த எலும்பை அகற்றும் அறுவை தேவைப்படும். சிலருக்குத் தாடையின் ஒரு பகுதியையே எடுத்து, பிளேட் வைத்தோ வேறு இடத்து எலும்பை வைத்தோ சரிசெய்ய நேரும்.

ஆரம்பத்தில் "கத்தி வைக்காதே, இன்னும் பெரிதாகும்" என்பதுதான் பாடமாக இருந்தது. அந்த எண்ணம் இப்போது மாறியிருக்கிறது. செத்த எலும்பை முழுவதும் எடுத்து, ரத்தம் கசியும் நல்ல எலும்பு வரை போய், மேலே ஈறை இறுக்கமில்லாமல் மூடினால் நன்றாக ஆறுகிறது என்பதால், தொடக்க நிலையிலேயே அறுவையை யோசிக்கலாம் என்பது இன்றைய பார்வை. யாருக்கு அறுவை, யாருக்குக் காத்திருப்பு என்பது அவருடைய பொதுவான உடல்நிலையைப் பொறுத்தது. தளர்ந்துபோன ஒருவருக்கு வலியும் சீழும் இல்லாமல் சாப்பிட முடிந்தால் அதுவே நல்ல சிகிச்சைதான்.

டெரிபாராடைட் என்ற எலும்பு வளர்க்கும் ஊசி பற்றிச் சிலர் கேள்விப்பட்டு வந்து கேட்கிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தெடுத்து நசிவு வந்தவர்களிடம் அதை முயன்றிருக்கிறார்கள். எலும்பில் புற்றுநோய் இருப்பவர்களுக்கு அது கூடாது.

எலும்புத் துண்டு ஆடுகிறது. நானே எடுத்துவிடலாமா?

வேண்டாம். செத்த எலும்பு தானாகப் பிரிந்து வருவது நல்ல அறிகுறிதான். ஆனால் முழுவதும் பிரிந்துவிட்டதா, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் வலிக்காமல் எடுத்துவிடுவார்.

நசிவு வந்தபின் எலும்பு ஊசியைத் தொடர்வதா, நிறுத்துவதா?

ஒரே பதில் இல்லை. பலருக்கு ஊசியை இடைநிறுத்துவார்கள். எலும்பில் நோய் தீவிரமாக இருந்தால் தொடரவும் செய்வார்கள், ஏனென்றால் முதுகெலும்பு நொறுங்கினால் ஏற்படும் கேடு தாடைப் புண்ணைவிடப் பெரியது. புற்றுநோய் மருத்துவரிடம் "என் எலும்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஊசி நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் பல் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டுமா?

ஜோலெட்ரோனிக் ஆசிட், பாமிட்ரோனேட் எடுத்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். டெனோசுமாப் மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து விரைவாகக் குறையும், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஆபத்து இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

சிடிஎக்ஸ் என்ற பரிசோதனையை முன்பு சிலர் பரிந்துரைத்தார்கள். நசிவு வருமா வராதா என்று அது கணித்துச் சொல்வதில்லை. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் பல் கிளீனிங் செய்துகொள்ளலாம்.

வீட்டில் தினமும் என்ன செய்வது?

மென்மையான பிரஷ், ஃபுளூரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும். இரவில் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். கீமோவால் வாய் புண்ணாகிப் பிரஷ் பட்டாலே எரியும் நாட்களில் உப்புநீரால் அடிக்கடி கொப்பளியுங்கள், புண் ஆறியதும் பிரஷ்ஷுக்குத் திரும்புங்கள். பல்செட்டை இரவில் கழற்றி வையுங்கள். உரசினால் பழகிவிடும் என்று சகித்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியில் வாயைப் பாருங்கள், குறிப்பாகக் கீழ்த்தாடையின் உட்பக்கம். நோயாளியால் முடியவில்லை என்றால் துணைக்கு இருப்பவர் மொபைல் டார்ச் அடித்துப் பார்க்கலாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போங்கள். புகையிலை எந்த வடிவத்திலும் வேண்டாம்.

பல் மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கேன்சருக்கு மருந்து எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. கீமோவைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். எலும்பு ஊசியைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மாதம் ஒருமுறை போடும் சத்து ஊசி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள்: ஊசியின் பெயர், அளவு, முதல் ஊசி போட்ட மாதமும் வருடமும், கடைசி ஊசி போட்ட தேதி, எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா, தாடைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, புற்றுநோய் மருத்துவரின் தொலைபேசி எண். பல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும், வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த அட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.